சூடம் அணைக்காத சிப்பாய்

என் மகன் மாதேஸ்வரனுக்கு முப்பத்தைந்து முடியப் போகிறது. பெண் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்ட காலத்தில், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பாரதி என்ற பெண் அமைந்தாள். டீச்சர் வேலை. நல்ல குணம். பையனுக்கும் பிடித்துவிட்டது. எனக்குத்தான் அவள் அப்பன் கிருஷ்ணப்பன் மேல் சந்தேகம்.

அவர் கார்கில் சண்டையில் மெடல் வாங்கியவராம். பெண் பார்க்கப் போனபோது ஷோகேஸில் பார்த்தேன். "எதுக்குங்க குடுத்தாங்க?" என்று கேட்டதும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போய்விட்டார். நிச்சயத்துக்குப் புடவை எடுக்கப் போனபோதும் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். பாம்பை அடித்தவன்கூட ஒரு வருஷம் அதையே பேசுவான். இந்த மனுஷன் ஏன் வாயைத் திறக்கவில்லை? மெடல் ஆன்லைனில்கூடக் கிடைக்கிறதாம். மெடலில் பொய் சொன்னவர் பெண் விஷயத்தில் சொல்ல மாட்டாரா?

"கெடுத்துறாதம்மா" என்றான் மகன். நான் கேட்பேனா?

எங்கள் பக்கம் சந்தேகம் வந்தால் வேடியப்பன் கோயில்தான். சண்டையில் செத்த வீரனைச் செதுக்கிய பழைய கல்தான் அங்கே சாமி. அதன் முன்னால் சூடம் ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் விளங்காது. நான் கூப்பிட்டதும் கிருஷ்ணப்பன் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் மகளோடு வந்தார். என்னோடு மாதேஸ்வரனும் வந்திருந்தான்.

சூடத்தை ஏற்றினேன். "தைரியமா சண்ட போட்டுத்தான் மெடல் வாங்குனேன்னு சொல்லி அணைங்க."

நீட்டிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார். சரி, மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"மெடல் நெசந்தானுங்க, சம்பந்தியம்மா. ஆனா நின்னு செத்தவன் முன்னால, நான் தைரியசாலின்னு சொல்ல முடியாதுங்க. பக்கத்துல குண்டு வுழுந்ததும் பயந்து ஓடுனேன். பொகையில தெச தெரியல. போயி நின்னது எதிரிங்க பங்கருக்குப் பின்னால. கையில இருந்த கிரனேட வீசிட்டேன். அவ்ளோதான். இத எம் பொண்ணுகிட்டகூடச் சொன்னதில்லீங்க."

சூடம் எரிந்து தானாக அணைந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாருக்கும் தெரியாததை ஒரு கல்லுக்குப் பயந்து சொல்கிறவர் வேறு எதில் பொய் சொல்லப்போகிறார்? இப்படி ஒரு சம்பந்தம் தேடினாலும் கிடைக்காது. "போதும் சம்பந்தி, வர்ற வெள்ளிக்கெழமையே நிச்சயத்த வெச்சிக்கலாம்" என்றேன், மனசு நிறைந்து.

பாரதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். குரல் மட்டும் நடுங்கவில்லை.

"எங்கப்பா இத்தன வருசமா மூடி வெச்சிருந்தத சூடம் கொளுத்தி வாங்கிட்டீங்க. நாளைக்கு நான் ஸ்கூல்லருந்து கொஞ்சம் லேட்டா வந்தாலும் ஏத்துவீங்க. உங்க வூடு எனக்கு வேண்டாங்க."

நான் மாதேஸ்வரனைப் பார்த்தேன். சமாதானம் சொல்லுவான், கெஞ்சியாவது நிறுத்துவான் என்று நினைத்தேன்.

"அது சொல்றது சரிதாம்மா" என்றான்.