மூன்று வளையம்

மீன் தலையைப் பிளந்தால், மூளைக்கு அடியில் அரிசி நொய் போல ஒரு வெள்ளைக் கல் இருக்கும். அடிமரத்தில் தெரிவதுபோல அதிலும் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். முனைவர் பட்டத்துக்காக அவள் பிளந்த தலைகளெல்லாம் அண்ணன் படகிலிருந்து வந்தவைதான். ஐஸ் பெட்டியை ஆய்வகப் படியில் இறக்கிவிட்டு, "ஊரே உடம்பைத் தின்னுட்டுத் தலையைத் தூக்கிப் போடுது, நீ என்னடான்னா தலைக்கு அலையுறியே, டாக்டரம்மா!" என்று சிரிப்பான்.

பட்டம் கிடைத்தது. மீன்வள நிலையத்தில் வேலையும் கிடைத்தது. ஆனால் வருடம் போகப்போகக் கல்லில் வளையங்கள் குறைந்துகொண்டே வந்தன. அவள் ஆராய்ந்த மீன் நான்கு வயதில்தான் சினை பிடிக்கும். கடைசியாக அவள் நுண்ணோக்கியில் பார்த்த எந்தக் கல்லிலும் மூன்று வளையத்துக்கு மேல் இல்லை. முட்டையிடும் வயதுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று அர்த்தம்.

அறிக்கை கொடுப்பதற்கு முன் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"தடை போட்டுருவாங்களா?"

"போட்டாகணும்ணே. இல்லன்னா அடியோட அத்துப்போயிடும்."

"அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?"

அவள் கிழிந்த வலையின் மறுமுனையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, விடு. பொய் எழுதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றான்.

கரையோரக் கடல் முழுவதும் மூடப்பட்டது. மாநாட்டில் அவளுக்குக் கைதட்டினார்கள். துறைமுகத்தில் தெரிந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன், வேறு சிலரைப் போலவே, தடை எல்லையைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போக ஆரம்பித்தான். அவனுடைய சின்னப் படகு அந்த அலைக்குத் தாங்காது. கேட்டால், "பழகிட்டாச் சரியாப் போயிடும்" என்பான். மழைக்காலம் பிறந்தபோது ஒரு காற்று அடித்தது. தேடிப் போனவர்கள் ஒரு டீசல் கேனோடு திரும்பி வந்தார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னால் அண்ணி அவளைப் பார்த்துக் கேட்டாள்: "மீனையெல்லாம் எண்ணிப் பாத்தியே, மனுசனை எண்ண மறந்துட்டியா?"

சில ஆண்டுகள் கழித்து, ஆய்வுக் கப்பலின் வலையில் சினை மீன்கள் விழுந்தன. கூட இருந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அவள் மட்டும் ஒரு மீனை எடுத்துக்கொண்டு தலையைப் பிளக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அண்ணி வேலை பார்க்கும் ஐஸ் தொழிற்சாலைக்குப் போனாள்.

"மீன் திரும்புது அண்ணி."

அண்ணி விறைத்த கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "பேசிக்கிட்டாங்க. எப்பத் திறப்பீங்க?"

"இன்னும் ரெண்டு மூணு வருஷமாவது விடணும். இப்பத் திறந்தா எல்லாத்தையும் வழிச்சு எடுத்துருவாங்க."

"பெரியவன் படகேறப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அப்பன் போன அதே ஆழத்துக்குத்தான் அவனும் போகணும், இல்லையா?"

அண்ணியின் குரலில் கோபம்கூட இல்லை. ஐஸ் பாளம் சறுக்கிக்கொண்டு வரவே அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்த வாரம் அவள் அறிக்கை எழுதினாள். தடை தொடர வேண்டும் என்றுதான் எழுதினாள். அண்ணன் மகன் அதற்குள் படகேறி ஆழ்கடலுக்குப் போயிருந்தான்.