தாடிக்காரரும் மீசைக்காரரும்

அந்த ஓபரா அரங்கின் முன்கூடத்தில் இரண்டு சிலைகள் எதிரும் புதிருமாக நிற்கும். பளிங்கில் இருப்பவர் தாடிக்காரர், சுதையில் இருப்பவர் மீசைக்காரர். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரே காலத்தில் இசைநாடகங்கள் எழுதி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலே செத்துப்போனார்கள். சண்டையை மட்டும் விட்டுப்போனார்கள். அதற்கு வாரிசாக வாய்த்தவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும்.

புருஷன் செல்லோ என்கிற, காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கும் பெரிய பிடிலுக்கு அரங்கின் முதல் ஆள், தாடிக்காரர் கட்சி. பெண்டாட்டி மேடை விளிம்பில், பாடகர்களின் காலடியில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து, மறந்துபோன வரிகளை அடியெடுத்துக் கொடுப்பவள், மீசைக்காரர் கட்சி. ஒரு காலத்தில் அவளும் மேலே நின்று பாடியவள்தான். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு குரல் வெறும் காற்றாகிவிட்டது. கடைசியாக முழுக்குரலில் பாடியது மீசைக்காரரின் படகோட்டிகள் பாட்டு. பாத்திரம் கழுவும்போது இன்றும் அதைத்தான் கரகரவென்று முனகுவாள். மூன்றாவது வரியில் குரல் மேலே ஏறாது. அங்கே மட்டும் கீழே இறங்கி, வேறு வழியாகப் போய்ச் சேர்ந்துகொள்வாள்.

"அதெல்லாம் ஒரு பாட்டா? தெருவுல போறவன் அடிக்கிற விசில்" என்பார் புருஷன். தாடிக்காரர் கடலாம், மீசைக்காரர் குழாய்த் தண்ணீராம். கடல் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்று அவள் கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில் மானேஜர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அடுத்த வருடம் முதல் தாடிக்காரர், மீசைக்காரர் இரண்டு பேரில் ஒருவரின் நாடகங்கள்தான். மற்றவரின் காட்சித் தட்டிகளை உடைத்துவிடலாம். ஞாயிறு பகல் காட்சியில் இருவரிலும் ஒவ்வோர் அங்கம் நடக்கும், பார்த்தவர்கள் போகும்போது சீட்டுப் போடட்டும் என்றார். குரல் போனபோது அழுது தீர்த்தாயிற்று. அந்தப் பாட்டும் போனால், தன்னுடையது என்று அந்த அரங்கில் அவளுக்கு எதுவும் மிஞ்சாது.

முதலில் தாடிக்காரர். பொய் சொல்லக் கூடாது, அரங்கம் அதிர்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து அவள் பதினோரு முறை வரி எடுத்துக் கொடுத்தது கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அடுத்து மீசைக்காரர். படகோட்டிகள் வந்து இரண்டு வரிதான் பாடியிருப்பார்கள், மின்சாரம் போய்விட்டது. இசைத்தாள் தெரியவில்லை, முன்னால் நின்று கோல் அசைப்பவரும் தெரியவில்லை. பிடில்கள் தடுமாறி ஒவ்வொன்றாக நின்றன. பாடகர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் வரியை எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். கூட்டத்தின் சலசலப்பில் அந்தக் காற்றுக் குரல் யாருக்குக் கேட்கும்? தொலைந்தது என்று நினைத்தாள்.

அப்போது ஒரே ஒரு செல்லோ பாட்டை முதலிலிருந்து எடுத்தது.

அந்தப் பாட்டில் செல்லோவுக்கு மெட்டே கிடையாது. அடியில் நின்று 'ஊம்' கொட்டுவதுதான் வேலை. இந்த செல்லோவோ மெட்டையே வாசித்தது. முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் மேலே ஏறவில்லை. கீழே இறங்கி, வேறு வழியாகப் போய்ச் சேர்ந்துகொண்டது.

உலகத்தில் அதை அப்படித் தப்பாகப் பாடுகிறவள் ஒருத்திதான்.

இருட்டுக்குள் அவள் சத்தமில்லாமல் சிரித்தாள், கன்னமெல்லாம் நனைந்தது. அதற்குள் படகோட்டிகள் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மாடி வரிசை, பிறகு கீழ் வரிசை. வார்த்தை தெரியாதவர்கள் 'லலலா' போட்டார்கள். விளக்கு வந்தும் ஒருவரும் நிறுத்தவில்லை. அவள் வரிகள் எழுதிய புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

சீட்டு எண்ணினால் ஐந்துக்கு நான்கு மீசைக்காரருக்கு. தாடிக்காரரின் தட்டிகளையும் உடைக்கக் கூடாது என்று மானேஜரிடம் அவளே போய் நின்றாள். வீட்டில் சண்டை போட ஆள் வேண்டாமா?

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாதவர் புருஷன். வீடு திரும்பும்போது தானாகவே பேச்செடுத்தார்.

"கரண்ட் போனதுல தப்பா வாசிச்சுட்டேன். மூணாவது வரி மேல போகணும்."

"எங்க கத்துக்கிட்டீங்க அதை?"

"பாத்திரம் கழுவுற சத்தத்துல எல்லாம் கேக்குது, என்ன பண்றது."

அடுத்த ஒத்திகையில், பெட்டிக்குள் இறங்கும் முன் அவள் செல்லோவின் தாளை எட்டிப் பார்த்தாள். படகோட்டிகள் பாட்டின் மெட்டு கையால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது. மூன்றாவது வரி கீழே இறங்கியது. ஓரத்தில், 'இப்படியே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் கோல் அசைப்பவர்.