புல்லு என்று சொன்னவள்

வானத்திலிருந்து பூமியைப் படம் பிடித்து வரைபடம் போடுகிற விஞ்ஞானிகள் நாற்பது தேசங்களிலிருந்து சென்னைக்கு வருகிறார்கள், அவர்கள் கூடும் மாநாட்டு மேடையில் நந்தினி ஐந்து நிமிடம் பேசப்போகிறாள் என்பது ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? பேரும் படமும் போட்ட அட்டையை, நீல நாடாவோடு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வாசலில் நின்று காட்டிக்கொண்டிருந்தாளே! அதைப் பார்க்கப் பார்க்க அவள் ஓரகத்தி எல்லம்மாவுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? நந்தினி ஆரம்பாக்கத்துக்காரி. பி.காம். படித்தவள். எல்லம்மாவின் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷமாகிறது, ஏரியில் முழங்கால்கூட நனைத்ததில்லை. தை மாசம் பேராசிரியர் சிவசங்கர் வந்தார். செயற்கைக்கோள் படத்தில் ஏரிக்குள் கறுப்புத் திட்டுகளாகத் தெரிகின்றன, எது புல், எது சேறு, எது சிப்பி என்று கால் வைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். ஒரு மாசம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து நடந்து சொன்னது எல்லம்மா. படகில் குந்திக்கொண்டு அதைப் போனில் ஏற்றியது நந்தினி. 'பெயர்' என்று ஒரு கட்டம் வந்தபோது, போன் யார் கையில் இருந்ததோ அவள் பெயர் ஏறிக்கொண்டது.

"காலு என்னுது, பேரு மட்டும் அவுளுதா?" என்று எல்லம்மா தன் புருஷன் குப்பனிடம் கேட்டாள்.

"நீ இன்னாமே, இங்கிலீசுல பேசுவியா? அது பேசும். உட்டுத் தள்ளுவியா" என்றான் அவன்.

அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. குப்பன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தான்.

மாநாடு தொடங்கும் முன்பு பன்னிரண்டு விஞ்ஞானிகள் ஏரியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது நந்தினி போனோடு வந்து நின்றாள். "அக்கா, தீவுக்குத் தெக்கால பெருசா ஒரு திட்டு இருக்குதே, அது மட்டும் வுட்டுப்போச்சு. அங்க இன்னா இருக்குது?"

அங்கே இருப்பது சிப்பி. தெரியாதவன் கால் வைத்தால் கிழித்துவிடும்.

"புல்லு" என்றாள் எல்லம்மா. "மெத்து மெத்துனு புல்லு."

"நீ சொன்னா சரிதாங்க்கா." நந்தினி அப்படியே ஏற்றிக்கொண்டு போனாள்.

எல்லம்மா போட்ட கணக்கு இவ்வளவுதான்: பேராசிரியர் ஒரு கழியை விட்டுக் குத்திப் பார்ப்பார், டக்கென்று சிப்பியில் இடிக்கும், வெள்ளைக்காரர்கள் முன்னால் இந்தப் படித்தவளின் மூஞ்சி தொங்கும். அதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

விஞ்ஞானிகள் இரண்டு படகில் வந்தார்கள். கையால் இறால் தடவிப் பிடிப்பதைக் காட்டச் சொல்லி எல்லம்மாவைத் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்ட இறாலை அதில் போட்டுக்கொண்டே போக வேண்டும். பறி வாயில் இருக்கும்வரை ஊர்க்கதை பேச முடியாது. எல்லம்மாவுக்கு அந்தத் தொழிலில் பிடிக்காதது அது ஒன்றுதான்.

அவளுக்குக் கூப்பிடு தூரத்தில், படகு அந்தத் திட்டுக்கு வந்து நின்றது. ஒரு வெள்ளைக்கார அம்மா படத்தில் விரல் வைத்து ஏதோ கேட்டாள். நந்தினி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா தலையைச் சாய்த்து இன்னும் சந்தேகமாகக் கேட்டாள். "புல்லுதான் சார். இறங்கியே காட்டறேன்" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு நந்தினி செருப்பைக் கழற்றினாள்.

கழியை நினைத்தாளே தவிர எல்லம்மா காலை நினைக்கவில்லை. நேரம் இருந்தது. பறியைத் துப்பிவிட்டு ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வாயைத் திறந்தால் பிடித்த இறால் போய்விடுமே என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். நந்தினி கழுத்தில் அந்த நீல நாடா ஆடியது. எல்லம்மா பறியை இன்னும் அழுத்திக் கடித்தாள்.

நந்தினி குதித்தாள்.

தூக்கிப் படகில் போட்டபோது குதிகாலிலிருந்து விரல்வரை பிளந்திருந்தது. பலகையெல்லாம் ரத்தம்.

"இங்க புல்லுனு யார் சொன்னது?" பேராசிரியர் கைக்குட்டையால் காலை அழுத்திப் பிடித்தார்.

எல்லம்மாவின் வாயில் இப்போது பறி இல்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை.

"அக்கா சிப்பினுதான் சார் சொல்லிச்சு" என்றாள் நந்தினி, வலியில் பல்லைக் கடித்தபடி. "நான்தான் மாத்தி ஏத்திட்டேன். ஏரியப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? அத்தினியும் நடந்து பாத்தது அக்கா. அக்காவையே மேடை ஏத்துங்க."

பதினோரு தையல். மறுநாள் காலை, எல்லம்மா பேர் போட்ட அட்டையோடு கார் வந்து நின்றது. அவள் தமிழில் பேசினால் போதும், பேராசிரியர் மொழிபெயர்ப்பாராம். நந்தினி கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்தபடியே ஓரகத்திக்குப் பூ வைத்துவிட்டாள்.

"அக்கா, அந்தத் திட்ட மட்டும் மறக்காம சிப்பினு சொல்லிடு. வேற யாரும் கால வெச்சிடப்போறாங்க."

எல்லம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரியுமாடி ஒனக்கு?"

"ஒன் கால்ல தழும்பு எங்க ஆச்சுனு நீதான ஒரு வாட்டி சொன்ன. குதிச்சப்புறம்தான் நெனப்பு வந்துச்சு."

"அப்புறம் ஏன்டி அப்படிச் சொன்ன?"

"என் பேரு மட்டும் வந்தப்பவே நான் சார்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. மேடையேற ஆசையா இருந்துச்சுக்கா" என்றாள் நந்தினி, பசிக்கிறது என்று சொல்வதுபோல.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். எல்லம்மா போய்க் காரில் ஏறினாள்.

அவ்வளவு பெரிய மண்டபத்தை அவள் பார்த்ததே இல்லை. பேசினாள். சிப்பி என்றே சொன்னாள். நாற்பது தேசமும் எழுந்து நின்று கைதட்டியது. அவள் கேட்ட பேர் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கைதட்டலுக்கு நடுவில் வயிறு பழையபடி எரியத்தான் செய்தது. எனக்கும் ஆசையாகத்தானடி இருந்தது, அதனால்தான் செய்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சின்னவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று எல்லம்மாவுக்குப் பொறாமையாக இருந்தது.