செவிடர் தொகை குறைந்த விதம்

1

“எங்க அக்காளையும் செவிடுன்னு எழுதுங்க.”

இதை மட்டும் எங்கேயும் கேட்டுவிடாதே என்று அக்காள் ராசம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தெய்வாத்தாள், பி.ஏ., கேட்டே விட்டாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

(தெய்வாத்தாள் நான்தான். ‘நான்’ என்று எழுதினால் கோபத்தில் பேனா முள் உடைகிறது. அதனால் ‘அவள்’.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கோயமுத்தூரில் பஞ்சாலைகள் பெருகிய அந்நாளில், மாலைக் காற்று—’

வேண்டாம். காற்றுக்கு இங்கே வேலையில்லை.

ஒரு தர்ம சங்கத்தின் செவிடர் பதிவேட்டைப் படியெடுப்பது அவள் வேலை. 1931இல் நாற்பத்து மூன்று பேர். 1934இல் இருபத்தொன்பது. இந்த 1937இல் பதினொன்று.

“பாத்தீங்களா அம்மணி, குறைஞ்சுட்டே வருது. ஊரு நல்லாருக்குதுங்க” என்றார் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி.

“செவிடுன்னு தெரிஞ்சா மில்லுல வேலையை விட்டு நிறுத்திப்போடறாங்க. அதான் ஒருத்தியும் இங்க வாரதில்லீங்க.”

“அவங்களே கையெழுத்துப் போட்டாத்தான் பதிவுங்க. உங்க கோவத்துக்கெல்லாம் இதுல கட்டம் கெடையாது.”

3

(அடிக்குறிப்பாக வைத்திருந்தேன். மேலே ஏறிக்கொண்டது.)

காலையில் மில்லில் மேஸ்திரி பெயர் கூப்பிடுவான். ராசம்மாளின் முறை வந்ததும் பக்கத்தில் நிற்கும் பங்காரு முழங்கையால் இடிப்பாள். “இருக்கறனுங்க” என்பாள் இவள். காது போன ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒரு முழங்கை. ஒருநாள் பங்காரு தும்மித் தொலைக்க, முழங்கை தானாக இடித்துவிட்டது; ‘சின்னான்’ என்ற ஆண்பிள்ளைப் பெயருக்கு ராசம்மாள் “இருக்கறனுங்க” என்றாள். நல்லவேளை, மேஸ்திரி சிரித்துவிட்டான்.

அக்காளின் மில் கூலியில் தங்கை பட்டணத்தில் படித்த இரண்டாம் வருஷம், எந்திர இரைச்சலில் அக்காளுக்கு இடக்காது போனது. பட்டம் வாங்கிய வருஷம் வலக்காது. இங்கே அழுகை வேண்டும் என்பார்கள். எனக்கு வருவது நன்றிதான். என் பட்டத்தில் பங்காருவின் முழங்கைக்கும் பங்கு உண்டு.

4

முடிவு ஒன்று: அக்காளின் பெயரைத் தெய்வாத்தாளே திருட்டுத்தனமாக எழுதிவிடுகிறாள். அக்காளுக்கு வேலை போய்— அடித்துவிட்டேன். அக்காள் சோற்றில் கைவைக்க நான் யார்?

முடிவு இரண்டு: செயலாளர் மனம் இளகுகிறார். எனக்கே நம்பிக்கையில்லை.

நடந்தது இது. வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னாள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கும் அக்காள் கரண்டியை ஓங்கினாள்.

“வாயை மூடீட்டு இருன்னு சொன்னனா இல்லியா?”

“உனக்குக் காது போனது பத்தாதா அக்கா, எனக்கு வாயும் போகோணுமா?”

அக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்து யோசித்தாள்.

“எம்பேரு மட்டும் இருந்தா நிறுத்திப்போடுவான் கண்ணு. காது போன வரிசை பூராத்தையும் எழுது. அத்தனை பேரையும் நிறுத்திப்போட்டு மில்லை ஆரு ஓட்டுவா? நான் பேசி வெக்கறேன்.”

5

“பதிவேட்டை எங்கீங்க எடுத்துட்டுப் போறீங்க?” என்கிறார் ஈஸ்வரமூர்த்தி, இப்போது.

“மில்லு வாசலுக்குங்க. கையெழுத்து வாங்கோணும்.”

“போனா, நாளைக்கு இங்க வரவேண்டாமுங்க.”

“செரிங்க.”

எத்தனை பேர் கையெழுத்திடுவார்கள், எத்தனை பேர் பயந்து விலகுவார்கள், எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு ஷிப்ட் விடும். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அவள் படியிறங்கிவிட்டாள்.