மூணாம் வாய்ப்பாடு

மலாயாவில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், கம்யூனிஸ்டுகளைத் தடுக்கப் போட்ட அவசரகால முள்வேலிக்கு உள்ளே, ஆபீஸ் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி சிவானந்தம் 'தொழில்துறைக் கணித வகுப்பு' தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. கணக்கில் தேறிய பிள்ளைகளை ரப்பர் ஆலை வேலைக்குத் தயாராக்குகிறாராம். அவர் மட்டும் ஆலைக்குள் கால் வைத்ததில்லை. புளித்த ரப்பர் பால் வாடை அவருக்கு ஆகாது.

கடைசி பெஞ்சில் மாடில்டா. ஆலையில் பால் கலக்கிறவள். ஆறு மாதமாக அவள் வாயே திறக்காததைப் பார்த்து, அடக்கமான பெண் என்று கிராணி மெச்சிக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள்.

போன வருடம் ஆலைக் கிராணி லீவில் போனபோது, பாலில் ரப்பர் எவ்வளவு என்று அளக்கும் வேலை சிவானந்தத்தின் தலையில் விழுந்தது. மாடில்டா ஆபீசுக்குக் கொண்டுபோன சாம்பிள் பாலில் கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டு, "நூத்துக்குப் பதினொண்ணு. தண்ணி ஊத்தியிருக்கான்" என்றார். அது அவள் அப்பா மத்தியாஸ் மரம் வெட்டி இறக்கிய பால்.

"ஐயா, அது வந்து..."

"அப்பனுக்கு வக்காலத்தா?"

மற்றவர்கள் பாலை மூக்கைப் பிடித்துக்கொண்டு, அளக்காமலே சரி என்று அனுப்பிவிட்டார். இருபது வருடம் பால் வெட்டிய மத்தியாஸ் புல் வெட்டப் போனார். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அவருக்குத் 'தண்ணிப்பால்' என்று பெயரும் வந்தது. கிராணி முகம் சுளித்தால் போலீஸ் வந்து நிற்கும் காலம். யார் எதிர்த்துப் பேசுவது?

இன்று கோலாலம்பூரிலிருந்து இன்ஜினியர் துரை, துப்பாக்கிக்காரர்கள் புடைசூழ வந்திருந்தார். ஆலைச் சோதனைக்கூட வேலைக்கு வகுப்பிலிருந்து ஓர் ஆளை எடுக்கப்போகிறார். காலையில் தாமே அளந்து பார்த்த பாலையும் கொண்டுவந்திருந்தார்.

"முதல்ல நானே செஞ்சு காட்டுறேன், துரை" என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார் கிராணி.

"வழக்கம்போல கலந்து தரவா ஐயா?" என்று கேட்டாள் மாடில்டா.

"வழக்கத்த மாத்தச் சொன்னேனா? கொண்டா லா."

துரை பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். கிராணி அப்போது கரும்பலகையில் தம் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மீட்டரை விட்டார்.

"பதினொண்ணு. துரை, இதுல எவனோ தண்ணி கலந்திருக்கான். இந்தத் திருட்டுப் பசங்கள நான் விடுறதில்ல."

"அது என் பால், கிராணி" என்றார் துரை, தோட்டத் தமிழில்.

மாடில்டா பெஞ்சுக்குப் போகவில்லை.

"கெட்டிப் பால்ல மீட்டர் சரியா மிதக்காது துரை. ரெண்டு பங்கு தண்ணி ஊத்தி அளந்துட்டு, வர்ற எண்ண மூணால பெருக்கணும். முப்பத்துமூணு. எங்கப்பா பாலையும் இப்படிக் கலந்துதான் கொண்டுபோனேன், பதினொண்ணு வந்துச்சு, மூணால பெருக்கல."

"யார் அளந்தது?"

அவள் கிராணியைப் பார்த்தாள். வகுப்பு முழுவதும் அந்தப் பக்கமே பார்த்தது.

மறுநாள் மத்தியாஸ் கத்தியோடு தம் மரங்களுக்குத் திரும்பினார். சோதனைக்கூடம் மாடில்டாவுக்கு. வகுப்பு நடத்துவதும் அவளே, அது இனி ஆலைக்குள், பால் தொட்டிக்குப் பக்கத்தில் நடக்கும், கிராணியும் வரவேண்டும் என்பது துரை உத்தரவு.

முன் பெஞ்சில் மூக்கைப் பொத்தியபடி சிவானந்தம் எழுந்து நின்றார்.

"கைக்குட்டைய எடுங்கய்யா, சொல்றது கேக்கல" என்றாள் மாடில்டா. "மூணாம் வாய்ப்பாடு. முதல்லேருந்து."