ஒன்பது கிலோ இழுப்பு

தாராவியில் வெயிலுமுத்துவின் பட்டறையில் செய்யும் ஒவ்வொரு மூன்று சக்கர வண்டியிலும் முதலில் ஏறி உட்காருவது ரஷீதாதான். மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவள். பத்து வருஷமாக அந்தப் பட்டறையில் சக்கரங்களுக்குக் கம்பி கோத்து, கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். புது வண்டி தயாரானதும் ஏறிக் கைப்பெடலைச் சுற்றி, சந்து முனைவரை ஒரு நடை போய் வருவாள். "செயின் இழுக்கு அண்ணாச்சி," என்பாள். அல்லது, "பக்கா, அனுப்பலாம்." அவள் சொன்னால் அதுதான் முடிவு.

எண்பத்துநாலாம் வருஷம் தை மாதம் கணேசபாண்டியன் என்ற இன்ஜினியர் பட்டறைக்கு வந்தார். கால் நடக்காதவர்களுக்கு சர்க்கார் வாங்கிக் கொடுக்கும் வண்டிகள் எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுத ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். அவர் அதன் செயலாளர். வரைவைப் படித்துக் காட்டினார். வண்டி கையால் இலகுவாக ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி.

"இலகுன்னா யாருக்கு சார்?" என்றாள் ரஷீதா. "அளக்க முடியாத பேச்சை எழுதி வச்சா, எல்லாக் கம்பெனிக்காரனும் எங்க வண்டி இலகுதாம்பான். அப்புறம் யார் போயி மல்லுக்கு நிக்க?"

கணேசபாண்டியன் தலையாட்டினார், எதையும் குறித்துக்கொள்ளவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "செம்பூர்ல வண்டியெல்லாம் சோதிக்கப் போறோம், நீங்களும் வரணும்," என்று சொல்லிப் போனார்.

கமிட்டிக்கே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சந்து முழுவதும் சொல்லிவிட்டாள் ரஷீதா. பெருநாளைக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, பட்டறை வண்டி ஒன்றையும் ஏற்றிக்கொண்டு வெயிலுமுத்துவோடு டெம்போவில் போய் இறங்கினாள்.

கூட்டம் நடந்த அறைக்கு நாலு படி இருந்தது. சாய்தளம் இல்லை. "நீங்க வெளியவே இருங்கம்மா, வண்டி ஓட்டத்தானே," என்றார் கணேசபாண்டியன். ரஷீதா திறந்த கதவுக்கு நேரே, முற்றத்தில், வண்டிகளோடு வண்டியாக உட்கார்ந்தாள்.

உள்ளே மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருத்தி பெண். காலில் இரும்புப் பட்டை, நாற்காலியில் சாய்த்து வைத்த இரண்டு ஊன்றுகோல். நாலு படியையும் அந்தக் கோல்களை ஊன்றி ஏறியிருந்தாள். மாட்டுங்காவில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, பெயர் நாகலக்ஷ்மி என்று பியூன் சொன்னான். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, சட்டைப்பை அளவில் ஒரு நோட்டு, அதில் ஓயாமல் எழுதும் பேனா. அவளையும் போலியோதான் பிடித்தது, தன்னையும் அதுதான் பிடித்தது. அப்புறம் எங்கே வழி பிரிந்தது என்று ரஷீதா அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நாகலக்ஷ்மியின் குரல் கேட்டது.

"இலகுன்னா யாருக்கு இலகு? அதை எப்படி அளப்பேள்? அளக்க முடியாததை விதின்னு சொல்ல முடியாது."

மேஜையைச் சுற்றி எல்லோரும் "சரிதான், சரிதான்" என்றார்கள். கணேசபாண்டியன் குனிந்து மும்முரமாக எழுதிக்கொண்டார். ரஷீதாவுக்குக் காது அடைத்தது. தன் வாயில் இருந்ததை யாரோ பிடுங்கித் தின்றதுபோல இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தன்னைத் தெரியவே தெரியாது என்பதும், அவளாக யோசித்துச் சொன்னதுதான் என்பதும் புரிந்தது. புரிந்தும் ஆறவில்லை.

நாகலக்ஷ்மி ஒரு சோதனையும் சொன்னாள். பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு அடி உயரும் சாய்தளம். ஓட்டுகிறவர் நிற்காமல் மேலே ஏற வேண்டும். ஏற முடியாத வண்டி தள்ளுபடி. முற்றத்தில் பலகை போட்டார்கள். முதல் வண்டி ஒரு பெரிய கம்பெனியுடையது, கனத்த குழாய் இரும்பு. "இது ஏறவே ஏறாது," என்றாள் நாகலக்ஷ்மி, படியில் நின்றபடி.

ரஷீதா ஏறி உட்கார்ந்து பெடலை இரண்டு சுற்றுச் சுற்றியதுமே தெரிந்துவிட்டது. கிணற்றிலிருந்து கல்லைக் கட்டி இழுப்பதுபோல இருந்தது. ஆனால் படியில் நின்ற கஞ்சிப் புடவையைப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். தோள் கழன்றுவிடும்போல இழுத்து, ஒரு இடத்திலும் நிற்காமல் மேலே கொண்டுபோய் நிறுத்தி, திரும்பிச் சிரித்தாள்.

"ஏறிருச்சே," என்றார் கணேசபாண்டியன். "பாஸ்னு போட்டுக்கலாம்."

நாகலக்ஷ்மியின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க ரஷீதாவுக்கு அத்தனை இனிப்பாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வெயிலுமுத்து பக்கத்தில் வந்து குத்தவைத்தார். "ஏ பிள்ளை, ஆயிரம் வண்டிக்கு சர்க்கார் ஆர்டராம். இனி அந்த இரும்புப் பொணத்தத்தான் கொடுப்பான். உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

ரஷீதா சோற்றை அள்ளினாள். கை வாய்வரை எழவில்லை.

நாகலக்ஷ்மி அதைப் பார்த்துவிட்டாள். கோல்களை ஊன்றி மெதுவாக வந்தாள். "ரொம்ப வலிக்கறதா?"

"இல்ல."

"நானும் ஒரு தடவை ஏறிப் பாக்கறேன்."

யார் தடுத்தும் கேட்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து சாய்தளத்தில் விட்டாள். நாலடி போனது. அப்புறம் பெடல் அசையவில்லை. வண்டி பின்னால் உருண்டு, பலகை விளிம்பில் இடித்துச் சாய்ந்தது. பியூன் தாங்கிப் பிடித்தான். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் அதைத் தேடித் துழாவினாள்.

ரஷீதாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பளிச்சென்று, ஒரு கணம். அந்தச் சந்தோஷத்தைத் தானே கண்டு அவளுக்குக் கூசிப்போயிற்று.

"ஒருத்தர் ஏறினாங்க, ஒருத்தரால முடியல. இப்ப எதை எழுத?" என்று கணேசபாண்டியன் பேனாவை மூடினார்.

"சார், நான் வீம்புக்கு ஏறினேன்," என்றாள் ரஷீதா. குரல் எதிர்பார்த்ததைவிடப் பலமாக வந்தது. "அந்தம்மா ஏறாதுன்னாங்க, அதுக்காவ ஏறினேன். இப்ப சோறு அள்ள முடியல எனக்கு. ஆளை வச்சு அளக்காதிய. ஆளுக்கு ஆள் கை வேற, மனசும் வேற. வண்டிய அளங்க."

"எப்படி?"

"சீட்டுல அறுபது கிலோ மணல் மூட்டைய வையுங்க. வண்டிய சாய்தளத்துல நிப்பாட்டிப் பெடல்ல கொக்கித் தராச மாட்டி இழுங்க. வண்டி நகரும்போது முள்ளு எத்தனையில நிக்கோ, அதான் இழுப்பு. யார் இழுத்தாலும் ஒரே கணக்குதான் வரும்."

மணல் வந்தது. வாசலுக்கு எதிரே இருந்த பழைய இரும்புக் கடையிலிருந்து தராசு வந்தது. கம்பெனி வண்டிக்கு முள் பத்தொன்பதில் நின்றது. மூன்று பேர் மாற்றி மாற்றி இழுத்தார்கள், பத்தொன்பதுதான். வெயிலுமுத்துவின் வண்டிக்குப் பன்னிரண்டு.

"அப்ப பன்னிரண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு வச்சிரலாம்," என்றார் வெயிலுமுத்து, நெஞ்சை நிமிர்த்தி.

நாகலக்ஷ்மி தன் கையாலேயே தராசை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்த்திருந்தது. "என்னால ஒன்பதுக்கு மேல இழுத்துண்டே போக முடியலை," என்றாள். "ஒன்பதுன்னு எழுதணும்."

ரஷீதாவுக்குச் சுருக்கென்றது. ஒன்பது என்றால் தன் பட்டறை வண்டியே தள்ளுபடி. தான் பத்து வருஷமாகப் பக்கா என்று சொல்லி அனுப்பியது அத்தனையும் தள்ளுபடி. ஓட்டி ஓட்டித் தன் தோள் இரும்பாகிவிட்டதும், அந்தத் தோளை வைத்தே ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லி வந்ததும் அவளுக்கு அங்கே வைத்துத்தான் உறைத்தது. போன வருஷம் பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து பேராச்சி என்ற பெண் வண்டியைத் திருப்பி அனுப்பியபோது, "வண்டியில குத்தமில்ல, அவளுக்குச் சோம்பேறித்தனம்," என்று சொன்னதே ரஷீதாதான்.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாகலக்ஷ்மி தோற்றுவிடுவாள்.

"ஒம்பதே போடுங்க," என்றாள்.

திரும்பும்போது டெம்போவில் வெயிலுமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். சயான் தாண்டியதும், "பல்சக்கரத்த மாத்தணும். பாரத்தக் குறைக்கணும். எல்லாம் உன்னால," என்றார். மூன்று மாதம் மல்லுக்கட்டி எட்டே முக்காலுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் ரஷீதாவிடம் பழையபடி பேசவும் தொடங்கிவிட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து விதிப் புத்தகம் அச்சாகி வந்தது. நாகலக்ஷ்மிதான் தபாலில் அனுப்பியிருந்தாள். சாய்தளம், அறுபது கிலோ மணல், கொக்கித் தராசு, ஒன்பது கிலோ எல்லாம் அதில் இருந்தது. கமிட்டி உறுப்பினர்கள் பட்டியலில் நாகலக்ஷ்மியின் பெயர் இருந்தது. ரஷீதாவின் பெயர் எங்கும் இல்லை. 'உங்கள் பெயரையும் போடச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன், உறுப்பினர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்,' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தாள். ரயில்வே டிக்கெட் ஜன்னலின் உயரத்தை விதிக்க அடுத்து ஒரு கமிட்டி வரப்போகிறது என்றும் இருந்தது.

தனக்காக அவள் கேட்டிருக்க வேண்டாமே என்று தோன்றியது ரஷீதாவுக்கு. பரிந்து கேட்கிற இடத்தில் அவள், அவள் கேட்டுத்தான் கிடைக்கும் என்கிற இடத்தில் தான். நாலு நாள் புத்தகத்தைப் பெட்டியடியில் போட்டு வைத்தாள். அஞ்சாம் நாள் போஸ்ட் கார்டு வாங்கி, கோணல் எழுத்தில் தானே நாகலக்ஷ்மிக்கு எழுதினாள்.

'டிக்கெட் ஜன்னல் கமிட்டிக்கு நான் வருவேன். யாரும் எனக்காகக் கேட்க வேண்டாம். எந்த ஆபீசுக்கு எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லவும். இப்படிக்கு, ரஷீதா பீவி, தாராவி.'