மாமா மாற்றிப் படித்த சீட்டு

ஜப்பானியர் ஆண்ட நாளில், தைவானின் சியாயி ஊரில் அப்பா காலமானதும், அண்ணன் பூன்லியோங்கும் நானும் அவர் விட்டுப்போன தேயிலை மலையையும் கடைவீதி வீட்டையும் பிரித்துக்கொண்டோம். எங்கள் வழக்கப்படி முன்னோர் மாடத்தின் முன்னால் தாய்மாமா சீட்டுக் குலுக்கினார். எனக்குத் தேயிலை மலைமேல்தான் உயிர். அண்ணனுக்கு மேடு ஏறினாலே மூச்சு வாங்கும்.

மாமா வாசித்தார்: மலை அண்ணனுக்கு, கடைவீதி வீடு எனக்கு. முன்னோர் தீர்ப்பென்று இருவரும் மாடத்தைக் கும்பிட்டோம். அண்ணிதான் பொங்கிவிட்டாள்.

"ஏன் மாமா, தினமும் இவரைப் பல்லக்குல மலைக்குத் தூக்கிட்டுப் போவீங்களா?"

மாமா எங்கள் முகங்களைப் பார்த்தார். சீட்டுகளை மறுபடி கையில் எடுத்தார்.

"அடடா, கண்ணாடி போடாம மாத்திப் படிச்சுட்டேன்டா! மலை சின்னவனுக்குத்தான்."

அவர் கண்ணாடி போட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. இன்னொரு முறை படித்துவிடப் போகிறாரென்று பயந்து, அண்ணன் சீட்டுகளைப் பிடுங்கி விளக்கில் கொளுத்திவிட்டான்.